ஏழாம் பக்கம்

மயூர் விஹார், பாக்கெட் மூன்று.
ஜனவரிப் பனிமூட்டத்தில்
எதிர் பிளாக்கே காணாமல் போயிருந்தது.
ஒற்றைக் கம்பி மட்டும் சிவக்கும் ஹீட்டரைச் சுற்றி
ஆறு பேர், ஆறு ஜெராக்ஸ் பிரதிகள்.
எனக்கு வந்ததில் ஏழாம் பக்கம் தலைகீழ்.
அதைத் தாண்டித்தான் படித்திருந்தேன்.

கதை இதுதான்.
கணவனை இழந்த ஒருத்தி, மூன்றாம் மாடி.
எட்டுப் பக்கங்களுக்கு யாருமே வருவதில்லை.
ஒன்பதாவதில் கீழ்வீட்டுக்காரி
என்றோ வாங்கிப்போன கிண்ணத்தோடு நிற்கிறாள்.
'வெறும் பாத்திரமாத் தரக்கூடாதுன்னு தெரியும்,
வீட்ல இன்னைக்கு ஒண்ணுமில்ல.'
இவள் அதை வாங்கி, சர்க்கரை நிரப்பி
அவளிடமே தருகிறாள்.
அவ்வளவுதான்.

'நடுவில் தொய்வு' என்றார் ஞானப்பிரகாசம்.
'தனிமை என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா?'
இது இளவழகி.
நான் சொன்னேன்:
'முடிவு ஜோடனை.
துக்கம் ஒரு கிண்ணம் சர்க்கரையில் கரைந்துவிடுமா?'
சொன்ன வாக்கியத்தை
நானே ஒருமுறை ரசித்துக்கொண்டேன்.

மூலையில் புதிதாக வந்தவர்
தணிகாசலம், ஆர்.கே.புரம் செக்டார் நான்கு.
மஃப்ளரைக் கழற்றவே இல்லை.
'நீங்கள்?' என்றோம்.

'கதை படிச்செல்லாம் பழக்கமில்ல.
அஞ்சாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு.
அந்தம்மா கட்டில்ல
அவர் பக்கமாப் போய்ப் படுத்துக்கிறதா வருது.
படுக்க முடியாது.
மடிச்ச துணியத்தான் அங்க வைப்போம்,
அப்புறமா அலமாரிக்குக் கொண்டுபோலாம்னு.
மொதல்ல ரெண்டு சட்டை, ஒரு துண்டு.
அதுக்கு மேல கரண்ட் பில்லு, ஸ்வெட்டர்,
மாத்திரை அட்டை.
கார்த்திகைக்குள்ள
ஓர் ஆள் நீளத்துக்கு வந்துரும்.
ராத்திரி அதுமேல கை படாம
திரும்பிப் படுக்கவும் பழகிரும்.'

ஹீட்டர் கம்பி டிக்கென்றது.

'மத்ததெல்லாம் சரியா இருக்கு' என்றார்,
கோப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறவர் மாதிரி.

வத்சலா தேநீர் கொண்டுவந்தாள்.
தொய்வைப் பற்றி யாரும் பேசவில்லை.
ஞானப்பிரகாசம் தன் பிரதியின் ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருந்ததை
விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மெட்ரோவுக்கு அவரோடுதான் நடந்தேன்.
பனியில் ஆள் தெரியவில்லை,
செருப்புச் சத்தம் மட்டும் பக்கத்தில் வந்தது.
'ஆறுதல் சொல்' என்றது மனசு.
கைவசம் இருந்தவை எல்லாம்
விமர்சனத்துக்கான சொற்கள்.

'அந்தக் கீழ்வீட்டம்மா' என்றது குரல்,
'மறுபடி வந்தாங்களா?'

'கதை அங்கேயே முடிஞ்சிருது சார்.'

'இல்ல, வந்திருப்பாங்க.
கிண்ணம் இப்ப அவங்ககிட்டதானே இருக்கு?'

படிக்கட்டில் அவர் பிங்க் லைனுக்குத் திரும்பினார்.
கை அசைத்தாரா, மஃப்ளரை இழுத்துவிட்டாரா,
சரியாகத் தெரியவில்லை.
நானும் அசைத்தேன்.

கடைசிக்கு முந்தின ரயில்.
பெட்டியில் நானும்
தூங்குகிற ஒரு செக்யூரிட்டி பையனும்.
தாள்களைத் தலைகீழாகத் திருப்பி
ஏழாம் பக்கத்தைப் படித்தேன்.

அதில் அவள்
மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டு எழுகிறாள்.
விளக்கைப் போடுகிறாள்.
சேலையைச் சரிசெய்துகொண்டு
தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறாள்.

காலடி
நான்காம் மாடிக்கு ஏறிப் போகிறது.