கடைசியாகத் திறந்தது

மின்தடைப் புகார்ப் பிரிவில் எனக்கு ராத்திரி வேலை.
"உங்கள் புகார் பரிசீலனையில் இருக்கிறது,
எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்."
டர்பன் நகரம் முழுக்க இதைச் சொல்லியிருக்கிறேன்.
ஃபிரிட்ஜில் கோழி கெட்டுப்போகும் என்று கத்துகிறவரிடம்,
ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடும் என்று கெஞ்சுகிறவரிடம்,
ஒன்றுமே பேசாமல்
மூச்சு மட்டும் விடுகிறவரிடம்.
பதினோரு வருஷம்.
அந்த வாக்கியத்துக்குள் யாரும் இல்லை என்று
ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

இப்போது கேப் டவுனிலிருந்து
அதே வாக்கியத்தை
என் மகளுக்குச் சொல்கிறார்கள்.

மருத்துவம். முன்கூட்டியே தருகிற இடம்.
ஆகஸ்டில் பரிசீலனை, செப்டம்பரில் பரிசீலனை.
கோவெண்டர் வீட்டுப் பையனுக்கு வந்துவிட்டது, பொறியியல்.
தட்டு நிறைய பர்ஃபி கொடுத்தனுப்பினார்கள்.
பர்ஃபி தீர்ந்து மூன்று வாரமாயிற்று.
வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே,
அது எங்கள் அடுப்படியில்
கழுவித் துடைத்துக் காத்திருக்கிறது.

யுவாஷ்னி ஒரு சட்டம் போட்டாள்:
யாரும் கேட்கக் கூடாது, வந்தால் நானே சொல்வேன்.
தேசிகன் உடனே தலையாட்டினார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
"கப்பல் வரும்போது வரும்."
நானும் தலையாட்டினேன்.

ஆனால் கட்டணம் கட்டியது என் அட்டை.
கடவுச்சொல்லும் தெரியும்:
செத்துப்போன எங்கள் நாயின் பெயர்,
பிறகு அவள் பிறந்த வருஷம்.

முதல் தடவை, தேநீர் இடைவேளையில் திறந்தேன்.
பரிசீலனை.
பக்கத்தின் அடியில் சாம்பல் எழுத்தில்
கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு வரி:
கடைசியாகத் திறந்தது 2.51.
மணி அப்போது மூன்று.
பத்து மணிக்கே விளக்கணைத்துப் படுத்தவள்.

நான் திறந்ததும் அவளுக்குத் தெரியுமே என்பது
விடிந்து, சாட்ஸ்வர்த் மேட்டில் டாக்ஸி திணறி ஏறும்போதுதான்
உறைத்தது.
அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.
"மூணு மணிக்கு போன் நிறைய வருமாம்மா?"
"வராது" என்றேன்.
சீனி ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது.

அப்புறம் அதுவே எங்கள் பேச்சு.
2.40 என்றால் தூக்கம் வரவில்லை.
4.15 என்றால் எழுந்துவிட்டேன், உயிரியல் பரீட்சை.
நான் மூன்றுக்குத் திறந்து மூடினால்
போதும், போய்ப் படு.
வீட்டில் மூச்சு விடமாட்டோம்.
சட்டம் சட்டம்தான்.

ஒரு வியாழக்கிழமை மட்டும்
1.05, பகல்.
அவள் பரீட்சை மண்டபத்தில். நான் தூக்கத்தில்.
ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்தேன்.
துறைமுகத்தில் அது சாப்பாட்டு நேரம்.
உப்புக்காற்றில் ஆடுகிற கூண்டுக்குள்
தடித்த கட்டைவிரலால்
நாயின் பெயரைத் தட்டுகிற ஒரு மனுஷன்.
அன்று சாயங்காலம் யாரும் கேட்காமலே சொன்னார்:
"கப்பல் வரும்போது வரும்."
யுவாஷ்னி என்னைப் பார்த்தாள்.
நான் பருப்பைக் கிளறினேன்.

புரட்டாசி முடிந்தது. தெருவெல்லாம் மீன்குழம்பு.
விரதத்தை நான் விடவில்லை.
"அவங்களுக்குப் புரட்டாசியே தெரியாதும்மா."
"அவங்களைத்தான் எனக்குத் தெரியுமா?"

நேற்று ராத்திரி உம்லாசியிலிருந்து ஒருவர்.
ஆறு மணி நேரமாக இருட்டாம்.
எண் கொடுத்தேன், வாக்கியத்தைச் சொன்னேன்.
"பரிசீலனை என்றால்,
யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா, சிஸி?
நிஜமாக, ஒரு ஆள்?"

எனக்குக் கொடுத்திருக்கும் தாளில்
இதற்குப் பதில் இல்லை.
ஓரத்துத் திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது.
2.58.
"தெரியாது பாபா" என்றேன்,
"நானும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, குரல் தணிந்து,
"அடடா. உங்கள் வீட்டிலும் போய்விட்டதா?"

ஆமாம் என்றேன்.