மூணாவது நிக்கல

"மூணாவது நிக்கல" என்றாள் பிலோமி,
வண்டியை அணைக்காமலே.
எட்டிப் பார்த்தேன்:
கியர் ராடில் சைக்கிள் டியூப்,
அதன் மறுமுனை டாஷ்போர்டுக் கொக்கியில்.
அதுவும் போதாமல்
பின்னாலிருந்து இடது முழங்காலின் முட்டு.
ஐஸ் ஃபேக்டரிக்கும் காசிமேட்டுக்கும்
நாளைக்கு ஆறு நடை.
பேண்ட்டில் அந்த முட்டி மட்டும்
வெளுத்து நூலாகியிருந்தது.

டாடா 207, இரண்டாயிரத்து நாலு.
உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி
சேஸிஸ் அப்பளம் மாதிரி.
பாக்ஸை நெஞ்சில் வாங்கி இறக்கினேன்.
வடித்த எண்ணெயில்
தீபாவளிக்கு மறுநாள் தெருவின் வாசனை.
உள்ளே ஜரிகை மிதந்தது,
சிங்க்ரோ ரிங் கரைந்த பித்தளை ஜரிகை.
காந்த போல்ட்டில்
இரும்புக்கு இரண்டு நாள் தாடி.

பழைய தேர்தல் போஸ்டரைக் குப்புறப் போட்டு
கழற்றிய வரிசையில் அடுக்கினேன்.
மூணாவது கியரின் பற்கள்
வாயில் கரைந்த கல்கண்டு.
எப்படி நிற்கும்?
ராடைப் பிடித்து நிறுத்தும் குண்டு,
குண்டைத் தள்ளும் ஸ்பிரிங்,
ஸ்பிரிங்குக்கு அடியில்

ஒரு தகரத் துண்டு.
பால்பவுடர் டின்னில் வெட்டியது.
டின்னின் நீலம்கூட இன்னும் போகவில்லை.

"எவன்டா இவன்" என்று கத்தினேன்,
பக்கத்து லேத்தில் முனாஃபுக்குக் கேட்கட்டும் என்றே.
"ஸ்பிரிங் தளர்ந்தா ஸ்பிரிங்க மாத்து!
தகரத்த வச்சு ஊர ஏமாத்துவானா?
இவன் கையில ஸ்பானர் கொடுத்தவன உதைக்கணும்!"
முனாஃப் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

கேஸிங்கை டீசலில் துடைத்தேன்.
ஓரத்தில் மூன்று புள்ளிப் பஞ்ச்,
அடுப்புக்கல் மாதிரி.
மூன்றாவது மட்டும் லேசாகச் சாய்ந்து.

என் பஞ்ச்தான் அப்படிச் சாயும்.

வெள்ளம் வடிந்த டிசம்பர்.
வியாசர்பாடித் தெரு நீள வண்டிகள்,
எந்தப் பாக்ஸைத் திறந்தாலும் சேறு,
நாளுக்கு மூன்று பூட்டினேன்.
புதுப்பேட்டை மூழ்கிக் கிடந்தது, ஸ்பிரிங் இல்லை,
இல்லை என்று சொல்ல வாயும் இல்லை.
அப்போது யாருடைய வண்டி இது?
முகம் வரவில்லை. தகரம் மட்டும் வந்தது,
வெட்டும்போது கட்டைவிரலைக் கிழித்த இடமும்.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்றான் முனாஃப்.
"எவனோ அவசரக்காரன்" என்றேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிங் புதுசு.
கியருக்குப் புதுப்பேட்டையில் நாலு சந்து அலைந்து,
ஒவ்வொரு பல்லாக நகத்தால் வருடி வாங்கினேன்.
எட்டு தௌ இடைவெளி வரும்வரை
ஷிம்மை மாற்றி மாற்றிப் போட்டேன்.
கடைசியில் குண்டு தெறித்து ஓடியது.
இருபது நிமிஷம் தரையில் ஊர்ந்து தேடினேன்;
லுங்கி மடிப்பிலேயே இருந்தது சனியன்.
புது ஸ்பிரிங். அடியில் எதுவுமில்லை.
விரல் விட்டு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.
பழைய மூன்றுக்குப் பக்கத்தில்
நாலாவதாக ஒரு புள்ளி அடித்தேன்.

"என்னண்ணே, கூலி பாதிதான் போட்டிருக்க?"
"தகரக் காசு கழிச்சிட்டேன்."
"எந்தத் தகரம்?"
"வண்டிய எடும்மா, ஓட்டிப் பாக்கலாம்."

பேசின் பிரிட்ஜ் ஏற்றம், பின்னால் மணல் மூட்டை.
மூணாவது விழுந்தது.
பிடியை விட்டாள். நின்றது.
டியூபை நான் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தேன்.
முழங்கால் மட்டும்
தானாக வந்து ராடில் முட்டுக் கொடுத்தது.

"கால எடு. சாஞ்சாலே ஃபோர்க் தேயும்."
எடுத்தாள்.
"அது என் பேச்சக் கேக்காதுண்ணே" என்று சிரித்தாள்.
யானைகவுனிப் பக்கம் திரும்பும்போது
ஓரக்கண்ணால் பார்த்தேன்.
மறுபடி அங்கேயே.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரலைத் தடவிக்கொண்டு
சாலையைப் பார்த்தேன்.