அகப்பை அடி தொடும் சத்தம்

இருபத்தோராம் நாள்
மரச்சீனி தீர்ந்தது.
ஸ்ராங்கிடம் சொல்லவில்லை.
படகில் எதுவும் முதலில் தெரிவது
சமையல்காரனுக்குத்தான்.
அகப்பை பானையின் அடியில் தட்டும் சத்தம்
வயர்லெஸ்ஸில் வராது.

ஐஸ் அறைக்குள் இறங்கி ஏறிய லூர்தையன்
கையைத் துடைத்துக்கொண்டே
"முட்டளவு" என்றான்.
முட்டளவு ஐஸ், ஐந்து நாள் ஓட்டத்துக்கு டீசல்,
மூன்று கேரை, வாலறுந்த ஒரு சுறா.
பத்துப் பேர்.

சாட்டிலைட் போனில் முதலாளி:
"இன்னும் ரெண்டு நாளு பாரு கிளீட்டஸ்,
வடக்க போனவனுக்கெல்லாம் கொத்துதாம்."
கிளீட்டஸ் கடலைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

முன்பொரு தடவை இப்படித்தான் திரும்பினோம்.
மறுநாள் அதே இடத்தில்
வள்ளவிளைப் படகொன்று ஏழு டன் ஏற்றியது.
அதைச் சொல்லிச் சொல்லியே
அவர் மனைவி பிலோமினா
ஒரு வருடம் குழம்பு வைத்தாள்.

நானும் ஒன்றை விட்டவன்தான்.
ஐ.டி.ஐ., ஃபிட்டர், இரண்டாம் வருடம்.
வெங்காயம் உரிக்கையில் மட்டும்
அதை நினைத்துக்கொள்வேன்,
கண்ணுக்கு ஒரு சாக்கு.

வீல் திரும்பியபோது யாரும் பேசவில்லை.
ரெஜின் மட்டும்
சுருட்டிய கயிற்றை
இன்னொரு தடவை சுருட்டினான்.

ஐந்தாம் இரவு தேங்காப்பட்டணம் வெளிச்சம்.
கோயில் ஒலிபெருக்கியில் ஜெபமாலை
காற்று வாக்கில் பாதி பாதியாக.
முகத்துவாரத்தில் மணல் மேடேறி
அலை வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது.
சிக்னல் கிடைத்த ரெஜினின் போன்
நிற்காமல் துடித்தது.
"ஒரே ஓட்டத்துல கேறிரலாம் மாமா."

கிளீட்டஸ் என்ஜினைக் குறைத்தார்.
நடுக்கடலில் ஒரு நாள் கூட நிற்காத மனுஷன்
வீட்டு வாசலில் நின்றார்.
ஒரு மணி. மூன்று மணி.
ஏழு அலை எண்ணுவார், உதட்டைப் பிதுக்குவார்,
மறுபடியும் ஒன்றிலிருந்து.
அவர் வீட்டு டியூப்லைட் எதுவென்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஐஸ் உருகி
கீழே சொட்டிக்கொண்டிருந்தது.
"கேரை கெட்டுப்போவும்" என்றேன்.
"கெடட்டு" என்றார்,
அலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பானையடியில் கிடந்ததைக் களைந்து
உலையில் போட்டேன்.
கஞ்சி வெள்ளமாகத்தான் இருக்கும்.
பத்துப் பேருக்கும் வரும்.