பதினேழாவது பாட்டில்

காலை எட்டரைக்கு முனிரத்தினம்
மாதிரிகளை இறக்கிவிட்டுப் போனான்.
பதினாறு பாட்டிலுக்குக் கழுத்தில் சீட்டு.
பதினேழாவது பழைய மாம்பழ ஜூஸ் பாட்டில்,
மஞ்சள் மூடி, பெயர் இல்லை.
பேரணாம்பட்டில் எந்தக் கம்பெனித் தொட்டியோ,
எதற்கும் இருக்கட்டும் என்று அளந்தேன்.

உப்பு, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
அடர்த்திமானியை இறக்கினேன்.
குழாய்த் தண்ணீரில் கழுத்துவரை முங்கும் கண்ணாடித் தண்டு
இதில் தோளைக் காட்டி நின்றது:
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஒன்று.
அறையின் சூடு முப்பத்தொன்று.
குளிரவைத்தால் இன்னும் கனக்கும்.

நாற்றம் இல்லை, அதுதான் சந்தேகம்.
மயிர் இல்லை, சுண்ணாம்பு இல்லை,
குரோமின் நீலம் இல்லை.
இவ்வளவு உப்போடு இவ்வளவு சுத்தமாக
எங்கள் ஊரில் கழிவு கிடையாது.

பதிவேட்டில் விதிப்படி எழுதினேன்:
அனுமதி இரண்டாயிரத்து நூறு மில்லிகிராம்.
இருப்பது முப்பத்தைந்தாயிரம்.
தேறவில்லை. வெளியே விடக் கூடாது.

மதியம் ஓடி வந்தான்.
"ஐயோ மேடம், அது மரக்காணத்துக் கடலு.
மச்சினி கல்யாணத்துக்குப் போனமில்ல,
யோகிதா ஸ்கூலுக்குக் கேட்டுச்சி."

சிரித்தோம்.
அந்த வரியை நான் அடிக்கவில்லை.

நாலாம் நம்பர், தோல் ஊறிய தண்ணீர்:
நாற்பத்தெட்டு கிராம்.
கடலைவிடப் பதின்மூன்று கூட.
இதுவும் அங்கே பாத்தியில் காய்ந்த உப்புதான்.
லாரி ஏறி, ஆட்டுத்தோலில் படுத்து,
தொட்டியில் மறுபடி நீராகி
மலட்டாற்றுப் பக்கம் கிணறு கிணறாக இறங்கியிருக்கிறது.
நாங்கள் யாரும் பார்க்கப் போகாத கடல்
மூட்டை மூட்டையாக வந்து
எங்களுக்குக் கீழே படுத்திருக்கிறது.

சாயங்காலம் வேலை முடிந்தும் போகவில்லை.
இரண்டு டம்ளர், ஃபிரீசரில்.
குழாய்த் தண்ணீர் பூஜ்யத்தில் ஏடு கட்டியது.
கடல் அதையும் தாண்டி,
இன்னும் இரண்டு டிகிரி கீழே போய்த்தான்
மனசில்லாமல் உறைந்தது.
மேலே மிதந்த செதிலை நாக்கில் வைத்தேன்
(மாதிரியைச் சுவைக்கக் கூடாது, தெரியும்).
அவ்வளவாகக் கரிக்கவில்லை.
பனியாகும்போது கடல்
உப்பை வெளியே தள்ளிவிடும் என்று
படித்தது எப்போதோ.
இங்கே அதற்குத்தான்
கோடிக்கணக்கில் மெஷின் வைத்திருக்கிறார்கள்.

அளக்க முடியாதவையும் இருந்தன.
பத்து மீட்டருக்கு ஒருமுறை
மேலே ஏறி உட்காரும் ஒரு வானத்தின் எடை.
முதலில் சிவப்பைத் தின்று
கடைசிவரை நீலத்தை விட்டுவைக்கும் பசி.
காற்றைவிட நாலு மடங்கு வேகத்தில் ஓடும் குரல்.
ஜூஸ் பாட்டிலில் இதெல்லாம் எங்கே.
குலுக்கிப் பார்த்தேன்.
அடியில் ஒரு விரல் கனம் மணல் மட்டும் எழுந்து
மெல்ல, தனக்கான நேரம் எடுத்துக்கொண்டு,
உட்கார்ந்தது.

நூறு மில்லி குறைகிறது.
மூன்றரை கிராம் உப்பு, மீதி வாலைநீர்,
கருவி எதற்கும் வித்தியாசம் தெரியாது.
கை தராசுவரை போய்த் திரும்பியது.

சீட்டு ஒன்று ஒட்டினேன், என் கையெழுத்தில்:
யோகிதாவுக்கு.
கடல்.
நூறு மில்லி குறைவு.