பெரிய சாமான் எடுக்கும் நாள்

நகராட்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன்:
அலமாரி ஒன்று, நாற்காலி ஒன்று, மற்றவை.
மற்றவை என்றால் எத்தனை கன மீட்டர்
என்று கேட்டாள் அந்தப் பெண்.
முப்பத்தொரு வருஷத்தை
மீட்டரில் சொல்லத் தெரியாமல்
இரண்டு என்றேன்.

வியாழன் காலை ஆறு மணிக்கு லாரி.
புதன் இரவே வாசலில் வைத்துவிட வேண்டும்.
வுப்பர்டாலின் செங்குத்துத் தெருக்களில்
வீடுகள் தம் வயிற்றைத் திறந்து
நடைபாதையில் பரப்பிக் காட்டும் இரவு அது.

மூன்றாம் மாடியிலிருந்து எட்டு நடை.
படிக்குப் படி ஓர் ‘இருக்கட்டுமே’.
பிளக் அறுந்த வாஃபிள் அடுப்பு, இருக்கட்டுமே.
மூடி தொலைந்த ஜாடிகள்,
ஜாடி தொலைந்த மூடிகள்.
எக்கார்ட் ஒரே முறை மாட்டி
கால் முறிந்து திரும்பிய பனிச்சறுக்கு பூட்ஸ்.
என்னை விட்டுப் போனபோது
அதையும்தான் விட்டுப் போனான்;
அதற்காக நாங்கள் இருவரும்
ஒரே வீட்டில் இத்தனை காலம்
இருந்திருக்க வேண்டியதில்லை.

என்றைக்காவது என்றொரு கிழமை
எந்தக் காலண்டரிலும் இல்லை.
அதற்கென்று ஓர் அறையையே ஒழித்துக் கொடுத்திருந்தேன்.

கடைசியாக நாற்காலி.
பின்னங்காலில் ஒரு திருகாணி கழன்று
ஒன்பது வருஷமாய்ச் சுவரைப் பார்த்து நின்றது,
தண்டனை பெற்ற பிள்ளை மாதிரி.
திருகாணி பிஸ்கட் டப்பாவில் பத்திரம்.
சரிசெய்யத்தான் நினைத்தேன்.
ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன்.

பதினொன்றரைக்கு மழை.
நனையுமே என்று எழுந்து
இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டி
என் நாற்காலியைத் திருட
நானே இறங்கினேன்.

அங்கே ஒருவன் முந்திக்கொண்டிருந்தான்.
நெற்றியில் விளக்கு, பின்னால் கதவு திறந்த வேன்.
நாற்காலியைக் கவிழ்த்து வைத்து
மாட்டு வைத்தியன்போல் அதன் காலைத் தடவினான்.
“ப்ளாமென்” என்று பெயர் சொன்னான், நான் கேட்காமலே.
“ஒரு திருகாணிதான் குறையுது.
நீளமானது. தலை உருண்டை.”

“என்னிடம் இருக்கிறது” என்றேன்.
வாய் முந்திவிட்டது.

ஐம்பத்து நாலு படி ஏறி
எது என்று தெரியாமல் டப்பாவோடு இறங்கினேன்.
மூன்றாவது முயற்சியில் பொருந்தியது.
ஈரத்திலேயே உட்கார்ந்து பார்த்தான்.
முன்னால் சாய்ந்தான், பின்னால் சாய்ந்தான்.
கிரீச்சென்றுகூடக் கேட்கவில்லை.
“நல்ல நாற்காலி. ஏன் எறியறீங்க?”

“உடைந்திருந்தது.”

இப்போது உடையவில்லையே
என்று அவன் சொல்லவில்லை. எனக்குள்தான் கேட்டது.
அந்த நிமிஷம் அதன்மேல் வந்த ஆசை
வாங்கிய நாளில்கூட வந்ததில்லை.
கீழே பள்ளத்தில், ஆற்றின் மேலே,
அன்றைய கடைசித் தொங்கு ரயில்
வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போயிற்று.
“தூக்கு” என்றேன். “சீக்கிரம் தூக்கு.”

டப்பாவை நீட்டினான்.
வேண்டாம், வைத்துக்கொள்.
எதெதற்கோ என்னென்னவோ இருக்கிறது அதில்.
குலுக்கிப் பார்த்துச் சிரித்தான்.
பூட்ஸையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
அளவு பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டான்.

வேன் திருப்பத்தில் மறைந்த பிறகு
பக்கத்து வீட்டு ரோஸ்விதாவின் குவியலில்
பச்சைக் கண்ணாடி விளக்கு ஒன்று,
மழை வழிந்து, பார்க்க அவ்வளவு அழகாய்.
குனிந்தேன். தொட்டும் பார்த்தேன்.
இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள்
திணித்துக்கொண்டு படியேறினேன்.

விளக்குப் போடவில்லை.
நடைவழியில், பழக்கத்தில்,
இல்லாத நாற்காலிக்கு ஒதுங்கி
இடுப்பை வளைத்துக் கடந்தேன்.
கடந்த பிறகுதான் உறைத்தது.

திரும்பப் போய்
அந்த இடத்தின் வழியாகவே
நேராக
நடந்து வந்தேன்.