ஒன்றேகால் சுற்று

முதலில் திருகை மெதுவாக அடிவரை மூடு.
இறுக்காதே. முனை மழுங்கினால்
மதுரை போய்த்தான் வாங்க வேண்டும்.
பிறகு திற.
ஒன்று.
ஒன்றேகால்.
அங்கே ஓரிடத்தில் சத்தம் தானாக நிமிரும்,
மீன் இறக்கியதும் வள்ளம் உயர்வதுபோல்.

அந்த இடத்தை விடிகாலை நாலரைக்குப் பிடித்தேன்,
மூக்கையூர் ஐஸ் கம்பெனி விளக்கடியில்,
காற்று குளிர்ந்து கெட்டியாக இருந்த நேரம்.
பைலட் ஜெட்டில் ஒரு பொடி உப்பு.
பெட்ரோலில் உப்பு கரையாது,
இந்தக் கரையின் எல்லா வண்டிக்கும் அந்தச் சீக்கு உண்டு.
செம்புக் கம்பியில் ஓர் இழை உருவித் தள்ளினேன்.
வள்ளத்து எஞ்சின் பார்க்கிறவள் நான்.
தண்ணீர்மேல் ஓடினாலும் தூசிமேல் ஓடினாலும்
பசி ஒன்றுதான்.

பந்தயம் வாலிநோக்கத்தில்.
உப்பளத்துக்கு அப்பால் கழி வற்றிப்
பாளம் பாளமாய் வெடித்த தரை.
பனைமட்டை நட்டு, கிழிந்த வலை கட்டிப் பாதை.
கட்டணம் முந்நூறு.
கை கால் போனால் அவரவர் பொறுப்பு என்று
நாற்பது பக்க நோட்டில் கையெழுத்து.
"மெக்கானிக் பெயர்?"
"ஜெயசீலி" என்றான் இன்னாசி.
எழுதியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்,
குனிந்து "ஜெயசீலன்" என்று எழுதிக்கொண்டார்.

ஆறரைக்குக் கொடி.
ஒன்பது வண்டியும் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.
கயிற்றைத் தாண்டி ஸ்பேனர் போகக் கூடாது, அதுவும் விதி.
ஆம்புலன்ஸ் மட்டும் வரவில்லை.
சாயல்குடிப் பக்கம் பிரசவத்துக்குப் போயிருந்தது.
ஏழு. எட்டரை.
சர்பத்காரர் வந்து, விற்று, ஐஸ் தீர்ந்து, போயேவிட்டார்.
பத்தரைக்குக் கச்சான் கிளம்பியது.
காற்று சூடேறி நீர்த்துவிட்டது இன்னாசி,
நான் வைத்த பெட்ரோல் இப்போது அதிகம்.
அரைச் சுற்று, அரைச் சுற்று என்று
இரண்டு விரலைத் திருகித் திருகிக் காட்டினேன்.
அவன் டாட்டா காட்டினான்.

பதினொன்றேகாலுக்கு ஆம்புலன்ஸ்.
"பொம்பளப்பிள்ளை" என்றார் டிரைவர், யாரும் கேட்காமலே.
கொடி விழுந்தது.

முதல் சுற்று முழுக்க வண்டி
சோறு அடைத்த வாயால் பேசியது.
திருப்பத்தில் புகை, நேர்ப்பாதையில் விக்கல்.
கீழக்கரை செய்யது மீரான் வெடிப்புகளைத் தத்தித் தத்திக்
கண்ணுக்கெட்டாமல் போய்விட்டான்.
இன்னாசி எட்டாவது.
ஒருத்தன் வலையில் சிக்கி விழுந்ததால் எட்டாவது.

கடைசிச் சுற்றில்
அவன் இடது கை ஹேண்டில்பாரை விட்டுத்
தொடைக்குக் கீழே போனதைப் பார்த்தேன்.
பெட்ரோல் வால்வை மூடிவிட்டான்.
படுபாவி.
கிண்ணத்தில் கிடப்பது மட்டும்தான் இனி.
மட்டம் இறங்க இறங்கக் கலவை மெலியும்,
மெலிந்து மெலிந்து
ஒரு கட்டத்தில் பிஸ்டன் உருகி ஒட்டும்.
பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.
கரகரப்பு உதிர்ந்தது.
புகை நின்றது.
பிறகு அந்தச் சத்தம்,
விளக்கடியில் நான் பிடித்து வைத்த அதே சத்தம்,
தூண்டில் நரம்பை மீன் இழுத்தாற்போல் ஒரே கோடாக,
மூன்று பேரைக் கடந்து, நாலாவது ஆளை உரசி,
நான் இருபது எண்ணும்வரை.

இருபத்தொன்றில் கிண்ணம் வற்றியது.
கோட்டுக்கு முப்பது அடி.
இறங்கித் தள்ளினான்.
கடந்த மூவரும் திரும்பக் கடந்தார்கள்,
ஒருவர் கும்பிடு வேறு போட்டார்.

பிளக்கைக் கழற்றினேன். சுட்டது.
விளிம்பெல்லாம் கரி.
நடுவில் மட்டும், மிளகளவு,
உடைத்த கருப்பட்டியின் உள்நிறம்.
"எப்படி?" என்றான், இமை முழுக்க உப்பு.
பதில் சொல்லாமல் பிளக்கை மாட்டிவிட்டு
நோட்டில் எழுதினேன்:
பகல் பதினொன்றரை. கச்சான். ஒன்றேமுக்கால்.

வால்வைத் திறக்க மறந்து
உதைத்துக்கொண்டே இருக்கிறான்.
சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் உதைக்கட்டும்.