இதர

மூன்று இருந்தன.
இரண்டு போதும் என்கிறது சட்டம்.
கடிதம் வந்த அன்று ஒரு நோயாளியின்
மேல்தாடைப் பல் செட்டில் இருந்தேன்.
மெழுகு ஆறும்வரை
அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலாவது ரிச்மண்ட் டவுனில் கிடைத்தது.
பெர்த்துக்குக் குடிபோகும் பெர்சிவல் வீட்டில்
பியானோ விலை பேசப் போனவள்
பியானோவுக்குப் பின்னால் நின்றதைக் கேட்டேன்.
லைசென்ஸுக்குப் பதினாலு மாதம்.
அதுவரை டீலர் கடையில்
என் பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல் நின்றது.

இரண்டாவது தங்கவயல்.
சர்வேயர் ஒருவரின் மருமகன் கொண்டுவந்தான்.
கட்டையின் அடியில் ஆணியால் கீறிய எல்.டி.
யாரென்று அவனுக்கும் தெரியவில்லை.
முனையில் குறிமணி விழுந்திருந்தது.
பல்லுக்கு ஊற்றிய தங்கத்தில் மிச்சம் ஒரு சொட்டு,
கடுகளவு,
பதிவுபெற்ற மெக்கானிக் பொருத்திக் கொடுத்தார்.

மூன்றாவது குடகிலிருந்து.
எட்டுப் பட்டைக் குழல், நீலம் குறையாத இரும்பு,
எண்கள் எல்லாம் பொருந்தும்.
நூறு வருஷத்தில் யாரும் கீழே போட்டதில்லை.

எல்லாமே பாயின்ட் டூ டூ. எல்லாமே பம்ப்.
முன்பிடியைப் பின்னிழுத்தால்
பழைய கூடு துள்ளி விழும்.
முன்தள்ளினால் புதியது ஏறும்.
பெர்சிவலுடையது பட்டாணி கடிக்கும் சத்தம்.
எல்.டி. குக்கர் மூடி.
மூன்றாவதற்கு இத்தனை வருஷமும்
எனக்கு உவமை கிடைக்கவில்லை.

நடுவில் குத்தினால் இந்தத் தோட்டா வெடிக்காது.
பற்றும் மருந்து
விளிம்பின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது.
ஊசி ஓரத்தில் விழ வேண்டும்.
வெறுமனே விசையை இழுக்கவும் கூடாது,
தோட்டா இல்லாத இடத்தில்
ஊசி அறையின் உதட்டையே கடித்துவிடும்.
என் தொழிலிலும் அதுதான்:
எதிர்ப்பல் இல்லாத பல்
ஈறைத் தேடும்.

ஆறு வாரம் யோசித்தேன்.
கீழ்வீட்டு மேரி டெய்சி, "மூணையும் தள்ளிவிட்டு
ஒரு வாஷிங் மெஷின் வாங்கேன்" என்றாள்.
கடைசியில் குடகுக்காரியைத்தான் எடுத்தேன்.
அவளுக்கு என்னிடம் ஒரு வேலையும் இல்லை.
மற்ற இரண்டுக்கும்
நான் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பேன்.

புலிகேசி நகர் ஸ்டேஷன்.
மல்லேசப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"சிங்கிளா, டபுளா?"
"பம்ப்."
"நீர் பம்பா?"
இருவரும் சிரிக்கவில்லை.
படிவத்தில் ரிவால்வர் இருந்தது, பிஸ்டல் இருந்தது,
ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் இருந்தன.
கடைசிக் கட்டத்தில் *இதர*.
அதில் ஒரு டிக் போட்டார்.
"எதை அடிச்சிருக்கீங்க தவமணி மேடம்?"
"காகிதம். பால்பவுடர் டப்பா.
ஒருமுறை தவறிப்போய்
ரேஞ்சின் குழல்விளக்கு."

எழுதிமுடித்துக் கையில் எடுத்தார்.
காலிதானா என்று பார்த்தார்,
ஒருமுறை பின்னிழுத்து முன்தள்ளினார்.
முகம் என்னவோ ஆனது.
"இன்னொரு சல?" என்று கேட்டார்.
கேட்டது என்னிடமா, அதனிடமா தெரியாது.
தலையாட்டினேன்.

என் தோளைவிட்டு வெளியே நின்று
அப்போதுதான் அதை முதன்முறையாகக் கேட்டேன்.
யாரோ அவசரமே இல்லாமல்
*சரி* என்கிறார்கள், பிறகு இன்னொரு *சரி*.

ரசீதை மடித்து வாங்கிக்கொண்டு
ஆட்டோ பிடிக்காமல் காக்ஸ் டவுன்வரை நடந்தேன்.
பாதியில் மழை.

இரும்பு அலமாரியில் மூன்று பள்ளங்கள்.
ஒன்று காலியாக இருப்பதைப் பார்க்க
பல் பிடுங்கிய இடத்தில்
நாக்கு போய்ப்போய் வருவதுபோல் இருந்தது.
சொட்டச் சொட்டக் குடையை அதில் நிறுத்தினேன்.
உயரம் சரியாக இருந்தது.
மறுநாளே எண்ணெய்த்துணி பதறியது, துடைத்தேன்,
ஆனாலும் குடை அங்கேயே தங்கிவிட்டது.

இப்போதெல்லாம் பெங்களூரில் தூறல் விழுந்தால்
நான் இரண்டு பூட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.